தோற்றவருக்கு ஒரு வேலை

ஆகஸ்ட் 2, சனி

டாக்டர் எழுதச் சொன்னது என்னை அல்ல, இவரை. இடது கையால் தினமும் ஒரு வரியாவது எழுதிப் பழகட்டும் என்றார். அதற்காக இந்த டைரியை வாங்கினேன். இவர் முதல் பக்கத்தில் ஒரு கோணல் கோடு இழுத்துவிட்டு, மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். வீணாகப் போக வேண்டாமே என்று நான் எழுதுகிறேன்.

மாலையில் இவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சி விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். மீரான் அண்ணாச்சி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சனிக்கிழமை ஆனால் கல்லூரி மைதானத்தில் கால்பந்து பார்ப்பதும், எந்தக் கல்லூரி செயிக்கும் என்று ஒருத்தரோடு ஒருத்தர் பந்தயம் கட்டுவதும் இவர்களுடைய பல வருடத்து வழக்கம். காசு கிடையாது. தோற்றவர் புரோட்டா வாங்கித் தருவார், இல்லாவிட்டால் மீசையை எடுப்பார். இவர் மட்டும் அதில் சேர்ந்ததே இல்லை. மாநகராட்சி வேலை போக மீதி நேரமெல்லாம் இவர்தான் அந்த மேட்சுகளுக்கு நடுவர். விசில் ஊதுகிறவன் பந்தயம் கட்டக் கூடாது என்பார்.

இன்று ஆவுடையப்பன் அண்ணாச்சி கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஓய் சிகாமணி, இப்பம் நீரு ரெஃப்ரி இல்லல்லா? இனி எங்க கூட பந்தயத்துக்கு வரலாமே," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இவர் தலையை ஆட்டினார்.

"தோத்தவன் செயிச்சவன் வீட்டுல ஒரு வேலை செய்யணும். புரோட்டாலாம் போதும், வயசாயிட்டு," என்றார் மீரான் அண்ணாச்சி.

ஒரு தாளில் இரண்டு கல்லூரிப் பெயரை எழுதி நீட்டினார்கள். இவர் இடது கை விரலால் ஒன்றைத் தொட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்கிறவர், உடனே தொட்டார். பிறகு இருவரும் இவரை வேனில் ஏற்றி மைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள். அந்த நேரத்தில் நான் உட்காரலாம் என்று நினைத்தேன். கட்டில் விரிப்பைத் துவைக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

இவர் செயித்தாராம். ஆவுடையப்பன் அண்ணாச்சி காலையிலேயே வந்து, குளியலறைக் குழாயைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார். பொங்கலிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்த குழாய். நான் வேண்டாம் என்றேன். "பந்தயம் மதினி. செய்யலைன்னா ஊருக்குள்ள மானம் போயிரும்," என்றார்.

நான் வேலைக்குப் போயிருந்ததால், மதியம் இவருக்குச் சோறு கொடுக்கப் பக்கத்து வீட்டு லில்லி வந்தாள். பாதிதான் சாப்பிட்டாராம்.

ஆகஸ்ட் 9, சனி

மறுபடியும் இவர்தான். கடற்கரைக் கல்லூரியைத் தொட்டார். அந்தக் கல்லூரிப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள், மணலில் ஓடி ஓடிக் கால் இரும்பாகிவிட்டது என்று மீரான் அண்ணாச்சி சொல்கிறார். சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் கட்டித் தோற்றிருக்கிறார். இனி வியாழக்கிழமை தோறும் உடற்பயிற்சி சிகிச்சைக்கு இவரைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது அவர் வேலை. ஒரு பந்தயத்துக்கு ஒரு வேலைதானே, எப்படி வாரந்தோறும் ஆயிற்று என்று கேட்டேன். "பெரிய தோல்வி மதினி, நாலு கோலு," என்றார்.

இவருக்கு விளையாட்டைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது! பேச்சுத்தான் வரவில்லை. டீ வேண்டுமென்றால் 'விசில்' என்கிறார், என்னைக் கூப்பிட 'மணி' என்கிறார். கால்பந்து மட்டும் தலைக்குள் சேதாரமில்லாமல் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஷிஃப்ட். ரயில் முன்பதிவுக் கவுண்டரில் தட்கல் திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் கண்ணாடியைக் குத்தினான். அவனுக்கு முன்னால் நின்றவர்களுக்குக் கிடைத்துவிட்டது, அவனுக்கு வெயிட்டிங் லிஸ்ட். நான் என்ன செய்ய முடியும்? நாள் முழுவதும் இதே கேள்வியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

சூப்பர்வைசர் உள்ளே கூப்பிட்டார். எனக்குப் பதவி உயர்வாம். தலைமை முன்பதிவு எழுத்தர், மதுரையில். அங்கே கவுண்டரில் உட்கார வேண்டியதில்லை. இப்போது மறுத்தால் ஒரு வருடத்துக்கு மறுபடி பெயர் வராது. "யோசிச்சுச் சொல்லுங்க பியூலா மேடம்," என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இவரை எப்படி மதுரைக்குக் கொண்டுபோக முடியும்? வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. நடக்காத ஒன்றை எதற்குச் சொல்வது.

ஆகஸ்ட் 16, சனி

இவர் செயித்தார். கேஸ் சிலிண்டரும் மாவு மில்லும் இனி அண்ணாச்சிமார் பொறுப்பாம். எனக்குத் தோள்பட்டை வலி. தூக்கி உட்கார வைக்கிறவர்களுக்கெல்லாம் வருவதுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தீபாவளி முன்பதிவு தொடங்கிவிட்டது. மூச்சுவிட நேரமில்லை. பக்கத்துக் கவுண்டர் முப்பிடாதி, சின்னப் பெண், கல்யாணமாகாதவள், அவளே களைத்துப் போய் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது மதுரைப் பக்கம் போகிற பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சும்மாதான். பெட்டி காலி, காற்று நன்றாக வந்தது. வண்டி புறப்பட்டது தெரிந்தது. இறங்கியிருக்கலாம். வழியில் கங்கைகொண்டானில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

லில்லி வாசலிலேயே நின்றாள். "என்னக்கா இவ்வளவு நேரம்? அண்ணன் ஒரே அழுக." ஈரத்தோடு கிடந்திருக்கிறார். கவுண்டரில் கூட்டம் என்று சொன்னேன். கூட்டம் இருந்ததும் உண்மைதான்.

ஆகஸ்ட் 23, சனி

இவர் மறுபடியும் கடற்கரைக் கல்லூரி. மற்ற இருவரும் விவசாயக் கல்லூரி. ஆறு கோலில் தோற்று வந்து, சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு டீ குடித்தார்கள். நாளைக்குக் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்கிறார்களாம்.

நேற்று மஸ்கட்டிலிருந்து மகன் பேசினான். அப்பா பந்தயத்தில் தோற்பதே இல்லை என்று சொன்னேன். சிரித்தான். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மதியச் சாப்பாட்டில் முப்பிடாதி தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். விவசாயக் கல்லூரியில் படிக்கிறான், அவன்தான் கோல் கீப்பர். விரலில் அடிபட்டு விளையாடாமல் இருக்கிறானாம். நான் உடனே பந்தயக் கதையைச் சொன்னேன். இவர் எப்படிச் சரியாகத் தொடுகிறார், அண்ணாச்சிமார் எப்படித் தோற்கிறார்கள் என்று.

அவள் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். "என்னக்கா சொல்லுதிய? கடற்கரைக்காரங்களுக்கு எதிரா அக்ரி பக்கம் கட்டுனாங்களா? எந்தம்பியே அக்ரி பக்கம் கட்ட மாட்டான்! போன வருசம் ஒரு மேட்சு செயிக்கல. அந்த அண்ணாச்சிமாரு வேணும்னே தோக்காங்க."

பிறகு நான் சாப்பிடவில்லை. குழாய், வேன், கம்பி, கேஸ் சிலிண்டர், மாவு மில். எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆவுடையப்பன் அண்ணாச்சி கடைக்குப் போனேன். பனியனில் நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வேணும்னே தோக்கியளா அண்ணாச்சி?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். 

"நாங்க என்ன பிச்சையா கேட்டோம்?" என்றேன். என் குரல் கடைக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.

"கேக்கலியே மதினி, அதானே சங்கடம். பிப்ரவரில நானும் மீரானும் வந்து வாசல்ல நின்னோம். என்ன செய்யணும்னாலும் சொல்லுங்கன்னோம். நாங்க பாத்துக்கிடுவோம்னு டீயக் குடுத்து அனுப்பிட்டிய. மார்ச்சுல வந்தோம், அப்பமும் டீதான். நாங்களும் எத்தன டீ குடிக்க?"

"அதுக்காவ அவரை ஏமாத்துவியளா?"

"ஏமாத்தலயே. தோத்தோம். தோக்கது என்ன லேசுப்பட்ட வேலையா? காலேஜ் பயலுவல்லாம் எங்களப் பாத்துச் சிரிக்கானுவ மதினி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்காராமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

இவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் எனக்குள் அது கொதித்துக்கொண்டே இருந்தது. உங்கள் சிநேகிதர்கள் உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்றேன். முகம் வாடும் என்று நினைத்தேன்.

தலையை ஆட்டினார். தெரியுமாம்.

"எப்பத்திலேர்ந்து?"

ஒரு விரலைக் காட்டினார். முதல் நாளிலிருந்து.

"பெறகு ஏன் சும்மா இருந்தீங்க?"

இடது கையை நீட்டி என் தோள்பட்டையைத் தொட்டார். வலிக்கிற இடத்திலேயே சரியாகத் தொட்டார். நான் வலியைப் பற்றி இவரிடம் சொன்னதே இல்லை.

அப்புறம் பாத்திரம் கழுவினேன்.

ஆகஸ்ட் 30, சனி

வராமல் இருந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் மீரான் அண்ணாச்சி தாளை எடுத்தார். அவர் பெயர்களை எழுதி முடிப்பதற்குள் இவர் விரலை வைத்துவிட்டார். விவசாயக் கல்லூரி மேல்.

"ஓய், அது வெளங்காத டீமுல்லா," என்றார் ஆவுடையப்பன் அண்ணாச்சி.

இவர் மறுபடி அதையே தட்டினார். தட்டிவிட்டு அவர்கள் இருவரையும் பார்த்தார். ரெஃப்ரியாக இருந்த காலத்தில் மஞ்சள் அட்டையைக் காட்டும்போது இப்படித்தான் பார்ப்பாராம். அவர்களுக்கு வேறு வழி இல்லை, எதிர்ப்பக்கம் எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்து கோலில் தோற்றுவிட்டு, வேனில் சிரித்துக்கொண்டே வந்தார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது. ஆனாலும் சத்தம் போட்டுச் சிரித்தார். நோய் வந்த பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை.

இனி இவர் ஒரு வேலை செய்ய வேண்டும். ஆவுடையப்பன் அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு, இவரைப் பார்த்துவிட்டு, மென்று விழுங்கிச் சொன்னார்: "செவ்வாக்கெழம காலையில கடைக்கு வந்து உக்காரும். எனக்குத் தூத்துக்குடில சோலி இருக்கு. கடைப் பையன் ஒத்தைல முழிப்பான்."

எனக்குப் பயமாக இருந்தது. இவர் தலையை ஆட்டிவிட்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீரான் அண்ணாச்சி வேனில் கடைக்குப் போய்விட்டார். எனக்கு மாலை ஷிஃப்ட். சமையல் ஆகிவிட்டது, துணி கொடியில் கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. இப்படி ஒரு காலை கிடைத்தால் என்னென்னவோ செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

இவர் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கதவு வழியாக அடுப்பங்கரை முழுவதும் தெரிகிறது. தண்ணீர்த் தொட்டி, அதற்கு முன்னால் நான் நிற்கிற இடம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நான் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்ற நேரமெல்லாம் இவருக்குத் தெரிந்திருக்கும்.

தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. மீரான் அண்ணாச்சி வேன் ஹாரன் கேட்டுத்தான் எழுந்தேன்.

"ஆவுடையப்பன் கடையில இன்னைக்கு நல்ல ஏவாரம் மதினி. பந்து வாங்க வந்த பயலுவளுக்கு இவருதான் காத்தை அமுக்கிப் பாத்து, சரியில்லாததை எல்லாம் ஒதுக்கி வச்சிட்டாரு. ஒத்தக் கையில."

இவர் முகம் வேர்த்திருந்தது. அப்படியே சோறு கேட்டுச் சாப்பிட்டார். முழுவதும்.

செப்டம்பர் 6, சனி

விவசாயக் கல்லூரி கோல் இல்லாமல் டிரா செய்து எப்படியோ டோர்னமென்டின் நாக்கவுட் சுற்றுக்குள் வந்துவிட்டது. முப்பிடாதி தம்பியின் விரல் சரியாகிவிட்டதாம். இவர் இப்போது அந்தப் பக்கத்தைவிட்டு அசைவதில்லை. மற்றவர்களும் இப்போது நிஜமாகத்தான் கட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். டிரா ஆனதால் யாருக்கும் வேலை இல்லை என்று ஒரு கட்சி, எல்லாருக்கும் வேலை என்று ஒரு கட்சி.

கடைசியில் எல்லாருமாக உட்கார்ந்து எனக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து தந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சூப்பர்வைசர் கேட்டார். இன்னும் யோசிக்கிறேன் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 13, சனி

கால் இறுதி. டைபிரேக்கரில் விவசாயக் கல்லூரி செயித்துவிட்டது. "இவனுவளுக்கு கோல் போடவும் தெரியல, வாங்கவும் தெரியல," என்று ஆவுடையப்பன் அண்ணாச்சி உண்மையாகவே எரிச்சல்பட்டார். எல்லாரும் நல்ல சந்தோஷத்தில் இருந்தபோது மீரான் அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் மதினி, மதுரைக்கு பிரமோசனாமே? தங்கச்சிக்கு டிக்கெட் போடப் போனப்பம் கவுண்டர்ல அந்தப் பிள்ள சொல்லிச்சு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

நான் டீத் தட்டோடு நின்றேன். இவர் என்னையே பார்த்தார்.

"போகல அண்ணாச்சி. வேண்டாம்னு சொல்லிருவேன்," என்றேன்.

"சொல்லிருவியளா, சொல்லிட்டியளா?" என்றார் ஆவுடையப்பன் அண்ணாச்சி.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலையில் முகம் துடைத்துவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போ," என்றார்.

"எங்க போ?"

"போ." கையைத் தெருப் பக்கமாக நீட்டி மறுபடியும், "போ. போ."

"உங்கள இப்படி விட்டுட்டு நான் மட்டும் போணுமா? அப்படித்தான் நினைக்கீங்களா என்னை?"

தலையை வேகமாக ஆட்டினார். ஆம் என்றா இல்லை என்றா புரியவில்லை. கட்டில் கம்பியை அடித்தார். கண்ணில் தண்ணீர். "போ... போ..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "போனா திரும்பி வரமாட்டேன், பரவாயில்லியா?" என்று கத்திவிட்டேன். இந்த வீட்டில் நான் கத்தி நான் கேட்டதில்லை.

பிறகு இருவரும் பேசவில்லை. இவர் பேசாமல் இருப்பதற்கும், பேச முடியாமல் இருப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

செப்டம்பர் 20, சனி

அரை இறுதி. மறுபடி டைபிரேக்கர், மறுபடி விவசாயக் கல்லூரி. முப்பிடாதி தம்பி இரண்டைப் பிடித்தானாம். தோற்ற அண்ணாச்சிமார் மாடிப்படி இடுக்கில் கிடந்த பழைய சாமானை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

இவர் என்னிடம் டீ கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன், குடித்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

இந்த மாதம் முடிவதற்குள் பதில் வேண்டுமாம். சனிக்கிழமைதான் இறுதி ஆட்டம், திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். இறுதி ஆட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. 

செப்டம்பர் 27, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலை ஷிஃப்ட் முடிந்து வந்தபோது இரண்டு அண்ணாச்சிமாரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.  ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"ஒண்ணுமில்ல மதினி. பந்தயம்," என்றார் மீரான் அண்ணாச்சி.

இறுதி ஆட்டம் கடற்கரைக் கல்லூரிக்கும் விவசாயக் கல்லூரிக்கும். இவர் விவசாயக் கல்லூரியைத் தொட்டிருக்கிறார். தோற்றால் என்ன வேலை என்பதை இந்தத் தடவை முன்கூட்டியே இவரே சொல்லிவிட்டாராம். மூன்றாவது முயற்சியில்தான் அந்த வார்த்தை வந்ததாம். மதுரை.

"தோத்தா மதுரைக்குப் போயிருவாராம். செயிச்சா இங்கனயே. மனுசன் அடம் பிடிக்காரு," என்றார் ஆவுடையப்பன் அண்ணாச்சி.

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரைக் கல்லூரி தோற்றுப் பல மாதம் ஆகிறது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்.

"நானும் வாரேன்," என்றேன். மைதானத்துக்கு நான் போனதே இல்லை.

கேலரியின் கீழ்ப்படியில் இவரை உட்கார வைத்து, சாயாமலிருக்க ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மீரான் அண்ணாச்சி. புழுதி, வெயில், மேளம். எந்தப் பக்கம் எந்தக் கல்லூரி என்று தெரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். கடற்கரைக் கல்லூரி மேல் கட்டியிருந்த இரண்டு அண்ணாச்சிமாரும், விவசாயக் கல்லூரிப் பையன்கள் பந்தைத் தொடும்போதெல்லாம் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"அடிலேய்! நேரா அடி! பாத்துக்கிட்டு நிக்கான் பாரு!"

"அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கம்லா கட்டிருக்கீங்க?" என்றேன்.

"நாசமாப் போச்சு அந்தக் கட்டு," என்றார் ஆவுடையப்பன் அண்ணாச்சி. திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, "இவன் போயிட்டா சனிக்கெழம சனிக்கெழமயா இருக்குமா மதினி?" என்றார்.

கடற்கரைப் பையன்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கம்பத்தில் பட்டது, மேலே போனது, முப்பிடாதி தம்பி விழுந்து விழுந்து பிடித்தான். பின்னால் எங்கேயோ அவள் குரல் கேட்டது. கோல் இல்லாமலே முடிந்து டைபிரேக்கர் வந்தது. மீரான் அண்ணாச்சி திரும்பி உட்கார்ந்துகொண்டார், பார்க்க மாட்டாராம். ஒவ்வொரு அடிக்கும் "என்னாச்சு, என்னாச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்கே புரியாமல் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யார் செயிக்க வேண்டும் என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் தெரியவில்லை. ஒரு அடிக்கு ஒரு பக்கம், அடுத்த அடிக்கு மறுபக்கம்.

கடைசி அடியை அந்தப் பையன் காலால் தட்டிவிட்டான். பந்து எங்களை நோக்கி உருண்டு வந்தது. மைதானமே உள்ளே ஓடியது. விவசாயக் கல்லூரி செயித்துவிட்டது. இரண்டு அண்ணாச்சிமாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். பந்தயத்தில் தோற்றதற்கு யாரும் இப்படி ஆடியிருக்க மாட்டார்கள்.

"மதுரையாவது மண்ணாவது! செயிச்சிட்டீரு ஓய்!" என்று மீரான் அண்ணாச்சி இவர் தலையைப் பிடித்து ஆட்டினார்.

 திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். வருத்தம் என்று இல்லை. காலையிலேயே வைத்திருந்த மாவு பொங்கியிருக்கும், போய்த் தோசை சுட வேண்டும் என்று நினைத்தேன்.

இவர் கையைத் தூக்கினார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"வேல," என்றார்.

"என்ன வேல? ஆங், நாங்க தோத்தோம்லா. சொல்லும் ஓய், என்ன செய்யணும்? வெள்ளையடிக்கணுமா? என்ன வேணா செய்யுதோம்," என்றார் ஆவுடையப்பன் அண்ணாச்சி.

இவருக்கு வார்த்தை வரவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். என்னைத் தடுத்துவிட்டார்.

"சாமான்..." நிறுத்தினார். "லாரி. ஏத்து."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் புரிந்தது மீரான் அண்ணாச்சிக்குத்தான். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"செயிச்சும் போணுமா ஓய்?"

இவர் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போ," என்றார். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. ஆனால் இவர் முடிக்கவில்லை. உதட்டைக் குவித்தார், விட்டார், மறுபடி குவித்தார். "போ... வோம்."

போவோம்.

அத்தனை நாளும் இதைத்தான் சொல்ல முயன்றிருக்கிறார். பாதி வார்த்தைதான் வெளியே வந்திருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

சரி என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் கை கொடுத்தார். முப்பிடாதி அழுதுவிட்டாள், பிறகு தம்பி படம் பேப்பரில் வந்திருப்பதைக் காட்டினாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

லாரி போய்விட்டது. கட்டில், பீரோ, மிக்ஸி, குளியலறைக் கம்பிகூட. மீரான் அண்ணாச்சிதான் அதைக் கழற்றி எடுத்தார், அங்கேயும் அடிக்க வேண்டுமே என்று. ஆவுடையப்பன் அண்ணாச்சி கயிறு கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். எல்லாம் ஏற்றிய பிறகு தேடினோம், ஆளைக் காணோம். கடையைத் திறக்கப் போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறப்பதில்லை.

மீரான் அண்ணாச்சி வேனில் எங்களைக் கூட்டி வந்தார். வழியெல்லாம் இவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே இருந்தார். கங்கைகொண்டானைத் தாண்டும்போது நானும் வெளியே பார்த்தேன்.

அக்டோபர் 25, சனி

ரயில்வே குவார்ட்டர்ஸ், கீழ்வீடு. பகலில் தனக்கொடி என்று ஒரு அம்மாள் வந்து இவரைப் பார்த்துக்கொள்கிறார். ஆபீசில் எனக்குச் சாய்ந்து உட்காரும் நாற்காலி. யாரும் கண்ணாடியைக் குத்துவதில்லை. ரயில்வே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தொடங்கியிருக்கிறது.

நல்லதை எல்லாம் எழுதிவிட்டேன். இவர் வந்ததிலிருந்து வாசலுக்கு வரவில்லை. சனிக்கிழமை மாலை ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மைதானத்துக்குக் கூட்டிப் போகட்டுமா, இங்கேயும் கல்லூரிகள் இருக்கின்றன என்று கேட்டேன். வேண்டாமாம். எனக்காக வந்தார். வந்ததற்கு விலை இவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் பழகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள்.

என் தோள்வலி குறையவில்லை.

நவம்பர் 8, சனி

மதியம் போன் வந்தது. ஆவுடையப்பன் அண்ணாச்சி. அன்று சொல்லாமல் போனதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "புது டோர்னமென்ட் ஆரம்பிக்கி மதினி. அவன்ட்ட குடுங்க. பந்தயம் என்ன போன்ல கட்டக் கூடாதா?"

ஸ்பீக்கரில் போட்டு இவர் பக்கத்தில் வைத்தேன். இவர் எழுந்து உட்காரப் பார்த்தார். தலையணையை நிமிர்த்தி வைத்தேன். இரண்டு கல்லூரிப் பெயரையும் அண்ணாச்சி கத்திச் சொன்னார். இவர் யோசித்தார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார்.

"நீ," என்றார்.

"எனக்கென்ன தெரியும்?"

"நீ."

ஏதோ ஒரு கல்லூரியைச் சொன்னேன். சாயங்காலம் மறுபடி போன். தோற்றுவிட்டேன். மூன்று கோலாம். இவர் சிரித்தார், அன்று வேனில் சிரித்தது போலவே சத்தமாக. தனக்கொடி அம்மாள் பயந்துபோய் வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்பம் நான் ஒரு வேலை செய்யணும்லா அண்ணாச்சி? என்ன செய்யணும், சொல்லுங்க," என்றேன்.

 அந்தப் பக்கம் வண்டிகள் போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர் கேட்டார்:

"ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும் மதினி, அதான் வேலை. நீங்க எப்படி இருக்கிய?"

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். இந்த வருடம் முழுவதும் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள், நானும் சொல்லிப் பழகிவிட்டேன்.  நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தார்.

"களைப்பா இருக்கு அண்ணாச்சி," என்றேன்.

"ஆங். சரி," என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை, வைத்துவிடவும் இல்லை.

போனை இவர் கையில் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனேன். உள்ளே இரண்டு பேரும் பேசுவது கேட்டது. ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார், ஒருவர் 'ம்' போட்டார். அவசரமில்லாமல், தண்ணீர் தெளிகிற வரைக்கும் களைந்தேன்.